பாட் வாங்கும் வழிகள்: ரூபாயா, டாலரா, அட்டையா?

ஒரு தாய்லாந்து பாட் எத்தனை ரூபாய் என்று கைப்பேசியில் தேடினால் உடனே ஓர் எண் வந்து நிற்கிறது. அந்த விலைக்கு நமக்குப் பாட் விற்பவர் எவரும் இல்லை. பெரிய வங்கிகள் தமக்குள் மொத்தமாகக் கொடுத்து வாங்கும்போது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நட்டநடுவில் விழும் புள்ளி அது. சென்னையிலோ மதுரையிலோ நாணயமாற்றுக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பயணிக்கு அது ஓர் அளவுகோலாகப் பயன்படும், அவ்வளவுதான். ஆகவே பாங்காக்குக்கோ புக்கெட்டுக்கோ புறப்படும் ஒருவர், பணத்தை எந்த வடிவில் எடுத்துச் செல்வது என்று முடிவெடுக்கக் கடைப் பலகைகளில் உள்ள விகிதங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவார். வணிகர்கள் சரக்குக்கு அடக்க விலை பார்ப்பதுபோல, தாய்லாந்தில் செலவழிக்கும் ஒரு பாட் நம் கைக்கு வந்து சேரும் வரை வரி, கமிஷன், ஏடிஎம் கட்டணம் எல்லாம் உட்பட நம் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் கழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த அடக்க விலையைக் கொண்டே இங்கு ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

தொடங்கும் முன் ஓர் எழுத்துச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ‘பாட்’ என்ற சொல்லோடு வேற்றுமை உருபைச் சேர்த்தால் ‘பாட்டை’, ‘பாட்டுக்கு’ என்று கச்சேரி வாசனை அடித்துவிடுகிறது; எனவே கூடியவரை அச்சொல்லைத் தனியே நிறுத்தியிருக்கிறேன்.

நாணயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட் என்பது 100 சதாங். புழக்கத்தில் 25, 50 சதாங் காசுகளும் 1, 2, 5, 10 பாட் காசுகளும் உண்டு. சதாங் காசுகள் பெரும்பாலும் பல்பொருள் அங்காடிகளின் பில் மேசையில்தான் கண்ணில் படும். தாள்களில் 20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு, 500 ஊதா, 1000 பழுப்பு. 20 பாட் தாள் 2022 முதல் பாலிமரிலும் வருகிறது. இரவில் டாக்சியின் மங்கிய வெளிச்சத்தில் 100 பாட் தாளும் 500 பாட் தாளும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், இரண்டையும் பணப்பையின் வெவ்வேறு அறைகளில் வைப்பது நல்லது. எல்லாத் தாள்களிலும் மன்னரின் படம் இருப்பதால், கீழே விழுந்து காற்றில் ஓடும் தாளைக் காலால் மிதித்து நிறுத்துவது அங்கே பெரிய அவமரியாதை. பாங்காக்கின் யாவராட் வீதியில் உள்ள தங்க நகைக் கடைகளில் ‘ஒரு பாட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம்; அங்கே பாட் என்பது எடை. நகைக்கு 15.16 கிராம், கட்டித் தங்கத்துக்கு 15.244 கிராம். நம்மூரில் பவுன் என்ற சொல் ஒரு காலத்தில் நாணயமாக இருந்து இன்று 8 கிராம் எடையாக நிற்பது போன்ற கதைதான் அது; வெள்ளியின் எடையாகப் பிறந்த பாட் இன்றும் இரண்டு வேலையையும் செய்கிறது.

பாட் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பது பயணியின் முடிவுக்கு ஓரளவுக்கே தேவைப்படுகிறது என்றாலும், அதன் வரலாற்றில் இரண்டு நாட்களை அறிந்திருப்பது நல்லது. 1997 ஜூன் 30 அன்று பிரதமர் சவலித் யோங்சாயுத் பாட் மதிப்பு குறைக்கப்படாது என்று நாட்டுக்கு உறுதி கூறினார். ஜூலை 2 அன்று, பல ஆண்டுகளாக டாலருக்கு ஏறத்தாழ 25 என்று கட்டிவைத்திருந்த பாட் நாணயத்தை மத்திய வங்கி அவிழ்த்துவிட்டது. கையிருப்பு டாலரில் பெரும்பகுதியை அந்தக் கட்டைக் காப்பாற்றுவதிலேயே கரைத்துவிட்ட பிறகு அதற்கு வேறு வழியில்லாமல் போயிற்று. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 56 பாட் வரை கொடுக்க வேண்டியிருந்தது. ஆசிய நிதி நெருக்கடி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அங்கே தொடங்கியதுதான். இரண்டாவது, 2006 டிசம்பர் 18. வெளிநாட்டுப் பணம் குவிந்து பாட் மிகவும் வலுத்துவிட்டது என்று, உள்ளே வரும் முதலீட்டில் 30 விழுக்காட்டை வட்டியின்றி ஓராண்டு முடக்கிவைக்கும் விதியை மத்திய வங்கி அறிவித்தது. மறுநாள் பங்குச் சந்தை ஏறத்தாழ 15 விழுக்காடு சரிந்தது. 2008இல் அந்த விதி நீங்கும் வரை தாய்லாந்துக்குள் பாட் ஒரு விலையிலும், சிங்கப்பூர், ஹாங்காங் சந்தைகளில் வேறொரு விலையிலும் கைமாறிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு நாட்களின் தழும்பு இன்னும் ஆறவில்லை. வெளிநாட்டவர் கையில் பாட் சேர்ந்து, அதை வைத்துச் சூதாட இடம் கொடுக்கக் கூடாது என்பதில் தாய்லாந்து மத்திய வங்கி இன்றும் கண்டிப்பாக இருக்கிறது. டாலரைப் போல உலகின் எல்லா ஊர்களிலும் பாட் தாள் குவிந்து கிடப்பதில்லை. சென்னையில் நாணயமாற்றுக் கடைக்காரர் பாட் தாள் வைத்திருக்க வேண்டுமென்றால் யாரோ அதை வாங்கி, விமானத்தில் ஏற்றி, காப்பீடு கட்டி, கேட்பவர் வரும் வரை பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். ரூபாய்க்கும் பாட் நாணயத்துக்கும் இடையே நேரடிச் சந்தையும் ஆழமானதல்ல. ரூபாயில் டாலர் விலை, டாலரில் பாட் விலை என்ற இரண்டையும் வகுத்துத்தான் விகிதம் கட்டப்படுகிறது. அதாவது நாம் நேராகப் பாட் வாங்குவதாக நினைக்கும்போதும் பணம் டாலர் வழியாகவே நடந்து போகிறது. அந்த நடையை நாமே நடப்பதா, இன்னொருவருக்குக் கூலி கொடுத்து நடத்துவதா என்பதே பாதி முடிவு.

கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 88 ரூபாய் என்றும் 32 பாட் என்றும் வைத்துக்கொள்கிறேன். அப்போது ஒரு பாட் இடைவிலை, அதாவது தொடக்கத்தில் சொன்ன அந்த நடுப்புள்ளி, 2.75 ரூபாய். கீழே வரும் கடை விலைகளும் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவையே. புறப்படும் வாரத்தில் வாசகர் தம் ஊர்க் கடைகளில் கேட்ட விலைகளை அந்த இடங்களில் நிரப்பிக்கொண்டால் விடை மாறலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் வழி, ஊரிலேயே பாட் வாங்கிக்கொண்டு போவது. கடைக்காரர் 2.90 சொல்கிறார் என்று கொள்வோம். 30,000 பாட் என்றால் 87,000 ரூபாய். நாணயமாற்றுக்கு ஜிஎஸ்டி உண்டு. மாற்றும் தொகை ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அதில் ஒரு விழுக்காட்டை வரிக்குரிய மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 விழுக்காடு போடுவார்கள். 870 ரூபாயில் 18 விழுக்காடு ஏறத்தாழ 157 ரூபாய். அடக்க விலை 2.905 ஆகிறது. இடைவிலையை விட ஐந்தரை விழுக்காடு கூடுதல். இதைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன்; முன்பே சொன்ன விமானக் கூலியும் பெட்டிக் கூலியும் அதில் இருக்கின்றன. ஆனால் முழுத் தொகையையும் இப்படி வாங்கும் பழக்கம், பயண முகவர் சொல்கிறார் என்பதற்காகவே பலரிடம் இருக்கிறது. அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழி, ரூபாய்த் தாளையே எடுத்துச் சென்று அங்கே மாற்றுவது. கேட்கும்போது மிக எளிதாகத் தோன்றுகிறது. பாங்காக்கின் பெரிய நாணயமாற்றுக் கடைகள் இந்திய ரூபாயை வாங்கவும் செய்கின்றன. ஒரு ரூபாய்க்கு 0.35 பாட் கிடைத்தால் அடக்க விலை 2.857, ஊரில் பாட் வாங்குவதைவிடச் சற்று மலிவுதான். விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் உள்ள வங்கிக் கவுண்டரில் அதே ரூபாய்க்கு 0.30 என்று சொன்னால் விலை 3.33க்குத் தாவிவிடும், அதாவது 21 விழுக்காடு இழப்பு. இதற்கும் மேலாக ஒரு சட்டத் தடை இருக்கிறது. இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்லக்கூடிய ரூபாய் ஆளுக்கு 25,000 மட்டுமே. எனவே இது முதன்மை வழியாக இருக்க இயலாது. திரும்பி வரும்போது நம் ஊர் ஆட்டோவுக்குக் கொடுக்கப் பையில் வைத்திருக்கும் ரூபாய், அவசரத்துக்கு உதவும் கடைசித் துணை என்று மட்டும் கருதலாம்.

மூன்றாவது வழி டாலர். இதில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நட்டம்’ என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. இரண்டு சுங்கச்சாவடி இருப்பது உண்மை; ஆனால் இரண்டிலும் கட்டணம் சிறியது. சென்னையில் டாலருக்குப் போட்டி அதிகம், கையிருப்பும் அதிகம் என்பதால் இடைவிலையை விட ஒன்றேகால் விழுக்காடு கூடுதலாக 89.10க்கு வாங்கிவிடலாம் என்று கொள்வோம். பாங்காக்கின் நல்ல கடைகள் டாலரை இடைவிலைக்கு மிக நெருக்கமாக வாங்கும், 31.85 கிடைக்கிறது என்று கொள்வோம். நூறு டாலர் தாள் ஒன்பதுக்கு 80,190 ரூபாய், ஜிஎஸ்டி 144 ரூபாய், ஆக 80,334. அங்கே கிடைப்பது 28,665 பாட். அடக்க விலை 2.80. முதல் வழியோடு ஒப்பிட்டால் ஒரு பாட் மீது பத்துக் காசு மிச்சம். 30,000 பாட் அளவில் மூவாயிரம் ரூபாய். நால்வர் குடும்பத்துக்கு அது ஒரு நல்ல இரவு உணவு.

இந்த மிச்சம் எங்கே மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. பாங்காக்கின் ராட்சதமரி சாலையை ஒட்டி, பெரிய வணிக வளாகத்துக்கு எதிரே உள்ள சந்துகளில் பச்சை நிறப் பலகையோடும் செம்மஞ்சள் நிறப் பலகையோடும் ‘சூப்பர் ரிச்’ என்ற பெயரில் கடைகள் இருக்கின்றன; பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அவை தனித்தனி நிறுவனங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே, வருகைக் கூடத்தின் கவுண்டர்களைக் கடந்து அடித்தளத்துக்கு இறங்கினால், நகர ரயில் நிலையத்தை ஒட்டித் தனியார் நாணயமாற்றுக் கடைகள் வரிசையாக உள்ளன. மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் இரண்டு மூன்று நகரும் படிக்கட்டுகள்தான் தூரம்; விலையில் உள்ள இடைவெளி அந்த நடைக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கிறது. நள்ளிரவில் அவற்றில் சில மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

விலைப் பலகையைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடை நம்மிடமிருந்து டாலர் வாங்குகிறது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது ‘வாங்கும் விலை’ என்ற பத்தி. அதிலும் டாலர் ஒரே வரியில் இருக்காது. 100 டாலர் தாளுக்கு ஒரு விலை, 50 தாளுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, பத்துக்கும் ஐந்துக்கும் ஒன்றுக்கும் இன்னும் குறைவு. சிறு தாளுக்கு 31.20தான் கிடைக்கிறது என்றால் அடக்க விலை 2.86 ஆகிவிடும், டாலர் வழியின் நன்மையில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. சென்னையில் வாங்கும்போதே ‘நூறு தாளாகக் கொடுங்கள், புதிய தாளாகக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்க வேண்டும். நான் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தாளின் முகத்தைப் பார்க்காமல் உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பாங்காக்கில் கவுண்டருக்குள் இருந்த பெண் ஒன்பது தாள்களையும் ஒவ்வொன்றாக விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தார். எட்டை வலப்பக்கம் அடுக்கினார். ஒன்பதாவதன் ஓரத்தில், கத்தரிப்பூ நிற மையில், யாரோ எண்ணிக்கைக்காகப் போட்ட சிறு முத்திரை இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கண்ணாடியின் அடியில் என் பக்கம் தள்ளிவிட்டார். அந்தத் தாள் என்னோடு சென்னைக்கே திரும்பி வந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் அங்கே மாற்ற இயலாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறையில் பூட்டிவைத்துவிட்டு வந்தால் போன வண்டிக் கூலி வீண்.

நான்காவது வழி அட்டை. இதில் பல இனங்கள் உள்ளன. எல்லாவற்றையும் ‘கார்டு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதால்தான் சிலர் அட்டையைக் கொண்டாடுகிறார்கள், சிலர் சபிக்கிறார்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது புறப்படும் முன்பே வெளிநாட்டு நாணயத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும் அட்டை. சில வங்கிகளின் பல நாணய அட்டைகளில் பாட் நாணயத்தையே ஏற்றலாம். 2.83 விலைக்கு ஏற்ற முடிந்தால், கடையில் தேய்க்கும்போது அடக்க விலை அதுவே. டாலர் தாளைவிட மூன்று காசு கூடுதல், தொலைந்தால் முடக்கிவிடலாம் என்ற நிம்மதிக்கு அது நியாயமான விலை. பாட் ஏற்ற வசதியில்லாத அட்டையில் டாலரை ஏற்றிக்கொண்டு போனால் மட்டும் நிலைமை வேறு: டாலர் அட்டையில் பாட் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் மாற்று நாணயக் கட்டணம் என்று மூன்று விழுக்காடு அளவுக்குப் பிடித்துக்கொள்வார்கள். அட்டை விற்கும்போது இதை யாரும் முன்வந்து சொல்வதில்லை. விண்ணப்பத்தின் கட்டணப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றின் விகிதம் இடைவிலைக்கு மிக அருகில், 2.76 என்று இருக்கும். அதன்மேல் நம் வங்கி 3.5 விழுக்காடு சேர்க்கும், அந்த 3.5 விழுக்காட்டின்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 4.13 விழுக்காடு, அடக்க விலை 2.874. இந்தக் கூடுதல் கட்டணமே இல்லாத அட்டைகளும் இப்போது கிடைக்கின்றன; அவற்றில் 2.76க்கே முடிந்துவிடுகிறது. கடையில் தேய்க்கும் செலவுக்கு, சட்டபூர்வமாக ஒரு தனி மனிதருக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான பாட் அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தாய்லாந்தில் தேய்க்க முடிகிற இடம் எது என்பதே கேள்வி. விடுதி, வணிக வளாகம், பெரிய உணவகம் என்றால் சரி. தெருவோர நூடுல்ஸ் கடை, இரவுச் சந்தை, துக்துக், பலர் சேர்ந்து ஏறும் சொங்தேவ் வண்டி ஆகிய இடங்களில் ஒன்று தாள், அல்லது தாய்லாந்தின் உடனடிப் பணப் பரிமாற்ற அமைப்பான ப்ராம்ப்ட்பேயின் கியூஆர். அந்தக் கியூஆர் அட்டை இளநீர்க்காரரின் வண்டியில்கூடத் தொங்குவதைப் பார்த்ததும் நம்மூர் நினைவு வரும். ஆனால் அது தாய்லாந்து வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டது, யுபிஐ செயலியை நம்பிக் கையில் தாளில்லாமல் இறங்கிவிடக் கூடாது.

எனவே அட்டைக்காரரும் ஒருநாள் ஏடிஎம் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு அட்டை என்று தெரிந்ததும் இயந்திரம் இத்தனை பாட் கட்டணம் பிடிப்பேன் என்று திரையில் அறிவித்துச் சம்மதம் கேட்கும். நீண்ட காலம் பெரும்பாலான வங்கிகளில் அது 220 பாட் என்று இருந்தது; இங்கே அதையே கணக்கில் கொள்கிறேன். ஓரிரு நிறுவனங்களில் குறைவாக இருந்ததுண்டு. எடுக்கும் தொகை எதுவானாலும் கட்டணம் மாறாது என்பதுதான் இதில் முள். பாட் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் ஒரே தடவையாக 20,000 எடுத்தால் அடக்க விலை 2.83லிருந்து 2.86 ஆகும், பரவாயில்லை. 5,000 எடுத்தால் 2.95. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுப்போம் என்று சிக்கனமாக 2,000 எடுத்தால் 3.14. சிக்கனக்காரர் விமான நிலைய வங்கிக் கவுண்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். சாதாரண டெபிட் கார்டில் 20,000 எடுத்தாலே, 4.13 விழுக்காடும் 220 பாட் கட்டணமும் நம் வங்கி ஒவ்வொரு வெளிநாட்டு ஏடிஎம் பரிவர்த்தனைக்கும் பிடிக்கும் 150 ரூபாய் அளவிலான தொகையும் சேர்ந்து 2.91க்குப் போய்விடுகிறது, ஊரிலேயே பாட் தாள் வாங்கியிருந்தாலும் அதே விலைதான். கூடுதல் கட்டணமில்லா அட்டையில் 20,000 எடுத்தால் 2.79, டாலர் தாளோடு தோளுக்குத் தோள் நிற்கிறது, மைக்கறை பயமும் இல்லை.

ஏடிஎம் திரையில் இன்னொரு பொறி இருக்கிறது. பணம் எண்ணுவதற்கு முன்னால், ‘உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழியும், இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா’ என்று ஒரு திரை வரும். ரூபாயில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனத்துக்கு இதமாக இருக்கும், விரல் தானாக ஏற்கிறேன் பக்கம் போகும். அதை ஏற்றால் விசா, மாஸ்டர்கார்டு விகிதத்தைத் துறந்து அந்த இயந்திரத்தின் வங்கி சொல்லும் விகிதத்துக்குச் சம்மதிக்கிறோம். அது பல விழுக்காடு மோசமாக இருப்பதே வழக்கம். மறுத்தால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்று தோன்றும்படி திரை அமைந்திருக்கும். ரத்தாகாது, பணம் பாட் கணக்கில் வெளியே வரும். ஹோட்டல் வரவேற்பு மேசையிலும் அட்டை இயந்திரத்தில் ரூபாயா பாட் நாணயமா என்று கேட்பார்கள். எப்போதும் பாட் என்றே சொல்ல வேண்டும். ஏற்கெனவே ரூபாய் என்று பதிவாகிவிட்ட பில்லைக் கையெழுத்திடும் முன் நீக்கி மறுபடி போடச் சொல்லலாம். அவர்களுக்கு அது புதிதல்ல.

சட்ட எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் வசிப்பவர் ஒரு பயணத்துக்கு வெளிநாட்டுத் தாள்களாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். அதற்கு மேற்பட்டது அட்டையிலோ வேறு வடிவிலோ இருக்க வேண்டும். கடையில் 50,000 ரூபாய்க்கு மேல் போகும் கொள்முதலுக்கு ரொக்கம் கொடுக்க இயலாது, வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் மொத்தத் தொகை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப்பிடிப்பு வரும். பயண முகவரிடம் சுற்றுலாத் தொகுப்பாக வாங்காமல் தாமே செலவழிக்கும் ஒரு வாரச் சுற்றுலாக்காரரை அது தொடாது. தாய்லாந்துப் பக்கத்தில் 15,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். நாடு திரும்பும்போது 50,000 பாட் வரையே எடுத்து வரலாம்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு மேலே சொன்ன கணக்கில் பாதி பொருந்தாது. வெள்ளி என்று அவர்கள் சொல்லும் சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் பாங்காக் பலகைகளில் நல்ல விலைக்குப் போவதால் அவர்கள் அமெரிக்க டாலரைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. 2021 ஏப்ரலில் சிங்கப்பூரின் பேநவ் தாய்லாந்தின் ப்ராம்ப்ட்பேயோடு இணைக்கப்பட்டது. இரு நாடுகளின் உடனடிப் பணப் பரிமாற்ற அமைப்புகள் இப்படி நேரடியாகக் கைகோத்தது உலகிலேயே அதுதான் முதல்முறை. அதே ஆண்டில் மலேசியாவின் டுயிட்நவ் கியூஆரும் இணைந்தது. ஈப்போவிலிருந்து ஹாட்யாய் போகிற ஒருவர், இளநீர் வண்டியில் தொங்கும் அந்த அட்டையைத் தம் கைப்பேசியாலேயே ஸ்கேன் செய்துவிடலாம்; சென்னைக்காரர் பக்கத்தில் நின்று சில்லறை தேடிக்கொண்டிருப்பார்.

நல்ல விகிதம் வரும் வரை காத்திருக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. 2022 அக்டோபரில் ஒரு டாலருக்கு 38 பாட். அப்போது ஒரு பாட் ஏறத்தாழ 2.20 ரூபாய்க்குக் கிடைத்தது. 2025இல் டாலருக்கு 32, 33 என்று பாட் வலுத்து, ரூபாயோ டாலருக்கு 88 வரை தளர்ந்து, ஒரு பாட் 2.70ஐத் தாண்டியது. மூன்றாண்டில் அதே 10,000 பாட் செலவுக்கு 5,000 ரூபாய் கூடுதல். தங்கம் ஏறினால் பாட் வலுக்கும் போக்கு உண்டு, சுற்றுலாப் பருவமான ஆண்டின் இறுதி மாதங்களில் டாலர் வரத்து கூடும் என்றெல்லாம் காரணங்கள் சொல்லலாம். ஆனால் இரண்டு வாரத்தில் விலை எந்தப் பக்கம் போகும் என்று அவற்றைக் கொண்டு சொல்ல இயலாது. விமானச் சீட்டு எடுத்தாயிற்று என்றால், நாள் பார்ப்பதில் கிடைக்கக்கூடிய அரை விழுக்காட்டை விட, 2.76க்கும் 3.33க்கும் இடையில் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது.

ஆகவே ஒரு வாரம், 30,000 பாட் செலவு என்று போகும் ஒருவருக்கு என் பரிந்துரை இது. இறங்கியதும் டாக்சிக்கும் தண்ணீருக்கும் முதல் உணவுக்கும் 3,000 பாட் மட்டும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். டாலரோடு ஒப்பிட்டால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது முந்நூற்றுச் சொச்சம் ரூபாய், விடியற்காலை நான்கு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாணயமாற்றுக் கடை தேடாமல் இருப்பதற்கு அது அதிகமில்லை. கூடுதல் கட்டணமில்லா அட்டை கையில் இருந்தால் விடுதிக்கும் வளாகங்களுக்கும் அதைத் தேய்த்து, தெருச் செலவுக்கு ஒரே தடவையாக ஏடிஎம்மில் எடுத்துவிடலாம். 200, 300 டாலர், நூறு டாலர் தாள்களாக அடியில் கிடக்கட்டும், அட்டையை இயந்திரம் விழுங்கிவிட்டால் அதுதான் துணை. அப்படிப்பட்ட அட்டை இல்லாதவர் அதற்காகப் புதுக் கணக்குத் தொடங்கி அலையத் தேவையில்லை. டாலர் தாளே போதும். பெற்றோரை மட்டும் தனியாக அனுப்பிவைக்கும் பிள்ளைகளுக்கு நான் வேறு விடை சொல்வேன். தாள்களைச் சோதித்துப் பார்த்து, அடித்தளம் இறங்கி, பலகை படித்து மாற்றும் அலைச்சலை அவர்கள்மேல் ஏற்றாமல், பாட் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையும் 10,000 பாட் தாளையும் கையில் கொடுத்துவிடுவதே மேல். சில நூறு ரூபாய் கூடப் போகட்டும்.

மிஞ்சும் பாட் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஊரில் 2.905க்கு அடங்கிய அதே தாளை அதே ஊரில் திருப்பிக் கொடுத்தால் 2.45 சொல்வார்கள் என்று கொண்டால், 5,000 பாட் மிஞ்சியதற்கு இழப்பு 2,275 ரூபாய். இத்தனை நேரம் காசு காசாகச் சேர்த்ததெல்லாம் இந்த ஒரு வாசலில் போய்விடும். ஆகவே டாலரை ஒரே நாளில் முழுவதும் மாற்றாமல் இரண்டு தடவையாக மாற்றுவதும், கடைசி இரண்டு நாள் அட்டையைக் குறைத்துத் தாளைத் தீர்ப்பதும் நல்லது. விடுதிக் கணக்கை முடிக்கும்போது கையில் உள்ள தாளைக் கொடுத்துவிட்டு மீதியை அட்டையில் தேய்க்கக் கேட்டால் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். அதற்கும் மேல் மிஞ்சினால் விற்க அவசரப்பட வேண்டாம். 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டுத் தாளை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, 5,000 பாட் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காசுகளை எந்தக் கடையும் திருப்பி வாங்காது. அவற்றை வைத்திருக்க உச்சவரம்பும் இல்லை. என் மேசை இழுப்பறையில் பத்து பாட் காசுகள் ஏழு ஒரு சிறு டப்பாவில் கிடக்கின்றன, அடுத்த முறை ரயில் சீட்டு இயந்திரத்துக்கு.